ஐந்தாம் ஆண்டுக் கட்டம்

வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில்
ஐந்து கட்டங்கள்.
ஆடிட்டர் திருமலைக்கொழுந்து
ஐந்திலும் பென்சிலால் நிரப்பித் தந்திருக்கிறார்:
வளர்ச்சி, இருபத்திரண்டு சதவீதம்.
"அதுக்குக் கீழ போட்டா
மேனேஜர் படிக்கவே மாட்டாருங்க."

குறிச்சி சிட்கோவின் கடைசிச் சந்தில் என் கொட்டகை.
நூற்றைம்பது டன் மெஷின் ஒன்று,
எண்பது டன் ஒன்று,
மழை பெய்தால் ஒழுகும் இடத்தில் ஒரு வாளி.

இன்று காலை பம்ப் கம்பெனி டெம்போ வந்தது.
மோட்டார் பேன் கவர் டை
திரும்ப வேண்டுமாம்.
ராஜ்கோட்டுக்காரன் ஒண்ணுக்கு
மூணு ரூபாய் குறைச்சிருக்கானாம்.
"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா" என்று
பர்ச்சேஸ் தம்பி
என் காலண்டரைப் பார்த்துச் சொன்னான்.

செயின் பிளாக்கில் தொங்கியது
நானூறு கிலோ இரும்பு.
ஆறு வருசம் என் வீட்டில் உண்ட பிள்ளையைப்
பெற்றவன் வந்து கூட்டிப்போகிற மாதிரி...
இல்லை, பொய்.
பிள்ளை என்றெல்லாம் நான் நினைத்ததில்லை.
மாதம் நாற்பதாயிரம் உருப்படி
என்றுதான் நினைத்தேன்.

அந்த டையில் நான் செய்தது நான்கு நொடி.
முப்பத்திரண்டு நொடிக்கு ஒன்றாய் விழுந்த கவர்
இருபத்தெட்டுக்கு விழுந்தது.
தண்ணீர் ஓடும் துளைகளில்
போர்த் தண்ணீர் உப்புக் கட்டியிருந்ததை
இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆசிட் விட்டுக் கழுவினேன்,
விரல் வெந்து.
இருபத்தாறுக்கும் ஆசைப்பட்டேன்.
இருநூறு கவர் கோணிப்போய் கிரைண்டருக்குப் போயிற்று.
"உள்ளே சூடு இருக்கு அக்கா,
முன்னாடி திறந்தா கோணும்"
என்றான் சுகந்த நாயக்,
மூன்று தமிழ் வருசத்தில் அவன் பேசிய
மிக நீண்ட வாக்கியம்.

நாளுக்கு முந்நூற்றைம்பது கவர் கூடுதல்.
கரண்ட் பில்லும்
மகளின் பாலிடெக்னிக் ஃபீஸும்
நாயக்கின் ஓவர்டைமும்
அந்த நாலு நொடிக்குள்தான் குடியிருந்தன.
அதையும் டையோடு சேர்த்து ஏற்றிவிட்டார்கள்.
சலானில் எழுத அதற்கு இடமில்லை.
இனி ராஜ்கோட்டிலும்
இருபத்தெட்டு நொடிக்கு ஒன்று விழும்.

டெம்போ போன பிறகு கணக்குப் பார்த்தேன்.
டை அடுத்தவருடையது.
மெஷின் வங்கியுடையது.
கொட்டகைக்கு ஐந்தாம் தேதி வாடகை.
குருணை மூட்டையின் விலையை
நான் பார்த்திராத ஏதோ கடலில்
யாரோ ஏற்றி இறக்குகிறார்கள்.
கிரைண்டிங் தூளைக் கூடக் கொஞ்சம் கலந்தால்
நானும் மூன்று ரூபாய் குறைக்கலாம்.
குறைத்தால், ராஜ்கோட்டுக்காரன் நான்கு குறைப்பான்.

ராத்திரி பத்து மணி. பீக் அவர் முடிந்தது.
நாயக் பேரலைக் காலி செய்தான்.
தரையில் கறுப்புக் கட்டியாய்
மிச்சச் சூடு குமிழ் விட்டது.
"அக்கா, நாளைக்கு எது ஓடும்?"
ஐந்து கட்டம் போட்டு வங்கி கேட்டதை
ஒரே வரியில் கேட்டுவிட்டான்.

கிணத்துக்கடவில் சொட்டுநீர்ச் சாமான் கடை வைத்திருக்கும்
மாராத்தாள் இரண்டு வருசமாகச் சொல்கிறாள்:
"குழாய் நுனி மூடி ஒரு கோடை தாங்கலீங்.
தென்னந்தோப்புக்காரங்க என்னத்தான் திட்டறாங்க.
வெயிலுக்கு வெடிக்காத மூடி அடிச்சுக் குடுங்,
நான் வித்துக்கறேன்."
பீளமேட்டில் டை கொட்டேஷன் வாங்கி
நாலு லட்சத்து இருபதாயிரம் என்றதும்
மடித்து சாமி படத்துக்குப் பின்னால் சொருகியவள்தான் நான்.

எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது.

அறிக்கையில் ஆடிட்டரின் பென்சிலை அழித்தேன்.
முதலாண்டு: பதினைந்து சதவீதம் குறையும்.
சொத்து: சொந்த டை, ஒன்று.
போனில் திருமலைக்கொழுந்து
"குறையும்னு யாராவது எழுதிக் குடுப்பாங்களா?" என்று
மூச்சு வாங்கினார்.
இரண்டாமாண்டு நாலு. மூன்றாமாண்டு ஒன்பது.
நாலாமாண்டு, மாராத்தாளைக் கேட்டு எழுத வேண்டும்.

ஐந்தாம் கட்டத்தை மட்டும்
காலியாக விட்டிருக்கிறேன், மேனேஜர் சார்.
உள்ளே சூடு இருக்கிறது.